கூட வருகிற சக்கரம்

ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் நலம். அவருடைய முட்டிவலி மட்டும் எங்களோடு மூன்றாவது ஆளாகக் குடியிருக்கிறது. உன் வீட்டில் எல்லோரும் நலமா? உன் தொண்டை சரியாகிவிட்டதா? வகுப்பில் கத்துவதைக் குறைத்துக்கொள் என்றால் கேட்கமாட்டாய்.

போனில் கேட்டிருக்கலாம். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ பதில் சொல்லி வைத்துவிடுவாய். காகிதத்தில்தான் என் பேச்சைக் கடைசி வரை கேட்கிறாய்.

விஷயம் இதுதான். அத்தான் தையல் மெஷின்களை டிக்கியில் போட்டுக்கொண்டு ஊர் ஊராய்ப் பழுது பார்க்கப் போகிற நம் காரில் இரண்டு டயர் மொட்டையாகிவிட்டது. மற்ற இரண்டும் பாதி தேய்ந்தவை. இப்போதைக்கு இரண்டு புதுசு மட்டும் போடலாம் என்று டயர் கடைக்குப் போனார். கடைக்காரரை உனக்குத் தெரியாது. யார் என்ன குறை சொல்லிக்கொண்டு போனாலும் முதலில் காற்றுதான் பார்ப்பார். அதனால் எல்லோருக்கும் அவர் காத்துக்காரர். தலைவலி என்று போனாலும் காத்து பார்ப்பார் என்பது உன் அத்தானின் கேலி.

காத்துக்காரர் புதுசு இரண்டையும் பின்னால் போட்டுவிட்டார். “முன்னாடிதானே போடுவாங்க?” என்று அத்தான் கேட்டாராம். அதற்கு அவர், “முன்னாடி வழுக்கினா ஸ்டீயரிங் உங்ககிட்ட சொல்லும் சார். பின்னாடி வழுக்கினா ஒண்ணும் சொல்லாது. உங்களுக்குத் தெரியும்போது வண்டி வந்த வழியைப் பார்த்துட்டு நிக்கும்” என்றாராம். அத்தானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. தொழிற்பயிற்சிப் பள்ளியில் இத்தனை வருடமாகக் கார் பாடம் எடுக்கிறவன் வீட்டிலேயே இருக்கும்போது வெளியாள் பேச்சை எதற்குக் கேட்க வேண்டும்? நீ சொல். முன்னாலா, பின்னாலா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம்.

இங்கு அனைவரும் நலம். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? அக்கா கடிதம் வந்தது. வண்டி சமாசாரம் என்பதால் உங்களுக்கே உங்கள் தையல் மெஷின் கடை முகவரிக்கு எழுதுகிறேன். அவளுக்கு எழுதினால் ஒரு வரிக்கு ஒன்பது கேள்வி கேட்பாள். இதை அவளிடம் காட்ட வேண்டாம், நாம் இருவருமே முடித்துக்கொள்வோம்.

புதிய டயர் இரண்டும் முன்னால்தான். இதில் பேச்சே இல்லை. உங்கள் வண்டியை இழுப்பது முன்சக்கரம். திரும்புவது முன்சக்கரம். பிரேக் அடித்தால் பாரம் முழுக்க வந்து விழுவதும் முன்சக்கரத்தில். பின்சக்கரங்கள் சும்மா கூட வருகிறவை. கூட வருகிறவருக்கு எதற்குப் புதுச் செருப்பு?

இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் சொல்லித்தருகிறேன். தேர்வில் “பின்னால்” என்று எழுதினால் என்னிடம் மதிப்பெண் கிடையாது. அந்தக் காத்துக்காரர் எந்தப் பள்ளியில் படித்தாராம்? இந்தக் கடிதத்தையே அவர் மூக்குக்கு நேரே காட்டுங்கள். மறுபடி வாயைத் திறந்தால் என்னிடம் அனுப்புங்கள், முதல் பெஞ்சில் உட்கார வைத்துப் பாடம் எடுக்கிறேன். மழைக்காலத்துக்குள் மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்


ஏப்ரல் 28

அன்பு மச்சானுக்கு,

நலம். நீ நலமாக இருப்பாய் என்று உன் கடிதத்தின் சத்தத்திலேயே தெரிந்தது.

ஒரு வாரம் எனக்கு இரண்டு மனசாக இருந்தது. காத்துக்காரர் சொன்னதிலும் நியாயம் இருப்பது போலப் பட்டது. பிறகு ஒரு மாதிரி முடிவாகி, நேற்றுப் போய் மாற்றிவிட்டேன். புதுசு முன்னால், பாதி தேய்ந்தது பின்னால். திருப்திதானே?

காத்துக்காரர் உன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். “கையெழுத்து நல்லா இருக்கு சார்” என்றார். பில்லில் ஏதோ எழுதி என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார். உன் கடிதத்தை வண்டியிலேயே வைத்திருக்கிறேன். நாளைக்கு வேறொரு கடையில் கேட்டாலும் காட்டலாமே.

நான் போகிற வேகத்துக்கு எந்தப் பக்கம் போட்டாலும் ஒன்றுதான். என்னைச் சைக்கிள்காரர்கள் மணியடித்துவிட்டுத் தாண்டிப் போகிறார்கள். நீ ஒருமுறை வா. உன் அக்கா உன் பெருமையை என்னிடமே சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள், உன்னிடம் சொல்லட்டும்.

அன்புடன்,
அத்தான்


ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே வாய் வரவில்லை. சரியாகச் சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? அத்தானை அடக்கம் செய்துவிட்டு வந்து மூன்று வாரமாகிறது. இன்னும் எனக்கு வகுப்பில் பேச்சு ஓடவில்லை.

பாலத்து வளைவில் நடந்ததை விசாரித்த போலீஸ்காரர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். “வேகமே இல்லைங்க. சாதாரண மழை. பின்பக்கம் தானா சுத்திக்கிட்டு வந்து கைப்பிடிச் சுவரை இடிச்சுட்டு ஆத்துல இறங்கிடுச்சு.” அத்தான் ஓட்டியதில் குறை இல்லை அக்கா. அந்த வண்டியில் கடைசியாகக் கை வைத்தவன் அந்தக் கடைக்காரன்தான். தொழில் தெரியாதவன் கையில் ஸ்பேனர் இருந்தால் இப்படித்தான். அவனைச் சும்மா விடக் கூடாது.

இன்னொன்று. டயரைப் பற்றி அத்தானுக்குப் பொதுவாக ஏதோ நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பற்றி உன்னிடம் ஏதாவது சொன்னாரா? சும்மாதான் கேட்கிறேன். வண்டியில் இருந்த பழைய காகிதங்கள் ஏதும் திரும்பி வந்தால் படித்துக்கொண்டு உட்காராதே. அழுகைதான் வரும். எரித்துவிடு.

மருந்து நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
தம்பி


செப்டம்பர் 8

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலம்தானே?

வண்டியில் இருந்தவற்றை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். ஊசி டப்பா, பாபின்கள், ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி, அவருடைய மூக்குக்கண்ணாடி, ஒரு செருப்பு. இன்னொரு செருப்பு ஆற்றோடு போய்விட்டது. காகிதங்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். எல்லாம் ஊறிக் கூழாகிவிட்டது. எரிக்கக்கூட அதில் ஒன்றும் இல்லை.

நீ எழுதியதைப் பற்றி அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. வண்டி சமாசாரத்தை அவர் வீட்டில் பேசமாட்டார், உனக்குத் தெரியாதா?

நீ சொன்னதுதான் எனக்கும். சும்மா விடக் கூடாது. இங்கே பழுது பார்ப்போர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. காத்துக்காரரை விசாரிக்கப் போகிறார்களாம். செயலாளர் வீட்டுக்கு வந்து, “விஷயம் தெரிஞ்சவங்க ஒருத்தர் எழுதிக் குடுத்தா போதும்மா. கடையை மூட வெச்சுடலாம்” என்றார். எனக்குத் தெரிந்தவர்களில் விஷயம் தெரிந்தவன் நீ ஒருவன்தான். இரண்டு புதிய டயரை எங்கே போட வேண்டும், தப்பாகப் போட்டவரை என்ன செய்யலாம் என்று பள்ளியின் தாளில் எழுதி அனுப்பு.

உன் தொண்டைக்கு இப்போது எப்படி இருக்கிறது?

அக்கா


செப்டம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, தேர்வு வேலை. காகிதங்கள் போனதும் ஒரு வகையில் நல்லதுதான். மனசு ஆறும்.

நீ கேட்டது அவ்வளவு லேசான கேள்வி இல்லை. சாலை எப்படி, டிக்கியில் பாரம் எவ்வளவு, காற்று சரியாக இருந்ததா என்று பல இருக்கிறது. முன்னால் என்பவர்களும் உண்டு, பின்னால் என்பவர்களும் உண்டு. நான் கோபத்தில் ஏதோ எழுதிவிட்டேன். அத்தானே போய்விட்டார், இனி ஒரு கடையை மூடி என்ன ஆகப்போகிறது? விட்டுவிடு.

அதோடு, இங்கே தலைமை ஆசிரியர் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது. நவம்பரில் முடிவாகும். இந்த நேரத்தில் சங்கம், விசாரணை என்று நான் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு யாராவது ஏதாவது கிளப்புவார்கள். உனக்குப் புரியும்.

ஒரு மாதம் இங்கே வந்து இரு. இடம் மாறினால் தேவலாம்.

அன்புடன்,
தம்பி


அக்டோபர் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். தலைமை ஆசிரியராகப் போகிறாய். உன் அத்தான் இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பார்.

நீ கை கழுவினாலும் சங்கம் விடுவதாக இல்லை. நேற்று காத்துக்காரர் அங்கே வாயைத் திறந்திருக்கிறார். “நான் பின்னாடிதான் போட்டேன். யாரோ பெரிய ஆள் சொன்னாருன்னு சார்தான் வந்து மாத்தச் சொன்னாரு” என்கிறார். அந்தப் பெரிய ஆள் யார் என்று கேட்டால் ஊமையாகிவிடுகிறார். செயலாளர் அதை நம்பவில்லை. “படிச்சவங்க எழுத்து ஒண்ணு வந்துட்டா இவன் கதை முடிஞ்சுதும்மா. வரலைன்னா அந்தப் பெரிய ஆளைத் தேட வேண்டியதுதான்” என்றார்.

எனக்கு எதற்கு அந்தத் தேடல்? இறந்தவர் பெயரை எதிலும் இழுக்க வேண்டாம் என்று பார்க்கிறேன். நீ எழுதினால் இந்த மட்டில் முடியும். என்ன எழுத வேண்டும் என்று செயலாளர் சொன்ன வாசகத்தை இத்துடன் தனித் தாளில் வைத்திருக்கிறேன். ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதி அனுப்பு.

இரவில் வெந்நீர் குடி. தொண்டைக்கு நல்லது.

அக்கா


அக்டோபர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் இன்று காலைதான் கிடைத்தது, உடனே எழுதுகிறேன். அந்த ஆள் சொல்வது பச்சைப் பொய். தப்பு செய்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் இல்லாத ஒரு பெரிய ஆளைக் கொண்டு வருவார்கள். சங்கத்தார் அதைத் தேடிக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று சொல். நீ கேட்டதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

“இரண்டு புதிய டயர்கள் மட்டும் வாங்கப்படும்போது அவற்றைப் பின்சக்கரங்களிலேயே பொருத்த வேண்டும். தேய்ந்தவை பின்னால் இருந்தால், ஈரச் சாலையில் வண்டி முன்னறிவிப்பின்றிச் சுழலும். ஓட்டுபவர் எவ்வளவு நிதானமானவராக இருந்தாலும் தடுக்க முடியாது. இந்த அடிப்படையை அறியாமல் புதியவற்றை முன்னால் பொருத்தியவரோ, பொருத்தச் சொன்னவரோ ஓர் உயிரிழப்புக்குப் பொறுப்பானவர். அவர் இத்தொழிலைச் செய்யவோ பிறருக்குச் சொல்லித்தரவோ தகுதியற்றவர்.”

கீழே கையெழுத்தும் பள்ளி முத்திரையும் இருக்கிறது. இத்தோடு இதை முடித்துவிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தம்பி


நவம்பர் 2

தம்பிக்கு,

நான் நலம். நீ நலமா என்று இந்த முறை கேட்கவில்லை. கீழே படித்து முடித்தால் நீ நலமாக இருக்க மாட்டாய்.

சங்கம் என்று ஒன்று இந்த ஊரில் இல்லை. செயலாளரும் இல்லை. நீ ஒரு சொல் மாற்றாமல் எழுதி முத்திரை குத்திய வாசகம் என்னுடையது. அதற்கு இரண்டு நாள் பிடித்தது.

காத்துக்காரர் கடை நன்றாக ஓடுகிறது. அவரை யாரும் விசாரிக்கவில்லை, அவர் யாரைப் பற்றியும் வாய் திறக்கவும் இல்லை. அடக்கத்துக்கு மறுவாரம் அவரே வந்து அந்தப் பில்லின் நகலைக் கொடுத்துவிட்டு நின்றார். “உரிமையாளர் கேட்டபடி புதியவை முன்னால் மாற்றப்பட்டன. என் யோசனை இதுவல்ல” என்று எழுதியிருக்கிறது, கீழே அத்தான் கையெழுத்து. “நான் மாத்த மாட்டேன்னு சொல்லியிருக்கணும்மா” என்று அழுதார். தொழில் தெரியாதவன் என்று நீ எழுதிய மனிதர் அவர்.

எல்லாம் கூழாகிவிட்டது என்று எழுதினேன் அல்லவா? லைசென்ஸ் வைக்கிற பிளாஸ்டிக் உறையில் ஒன்று மட்டும் ஈரமே படாமல் இருந்தது. ஓர் எழுத்துகூடக் கலையவில்லை. கூட வருகிறவருக்கு எதற்குப் புதுச் செருப்பு என்று கேட்டிருக்கிறாய். நல்ல வேடிக்கை. அவருடைய ஒற்றைச் செருப்பை ஜன்னலில் வைத்துவிட்டு அதைப் படித்தேன். என்னிடம் காட்ட வேண்டாம் என்ற வரியையும் படித்தேன்.

அவர் போன பிறகு எழுதிய முதல் கடிதத்திலேயே நீ “நான்தான் சொன்னேன் அக்கா” என்று எழுதியிருந்தால் உன்னைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். எரித்துவிடு என்றாய். சரி, எவ்வளவு தூரம் போவாய் பார்ப்போம் என்று கயிற்றை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் அறியாத ஒரு மனிதரின் கழுத்தில் அதைப் போட்டு, முத்திரையும் குத்தி அனுப்பினாய். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை தம்பி. அடங்கவும் வேண்டாம்.

இப்போது என்னிடம் உன் இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. ஒன்றில் முன்னால் போடச் சொல்கிறாய். மற்றதில், அப்படிச் சொன்னவன் சொல்லித்தரவே லாயக்கற்றவன் என்கிறாய். இரண்டையும் ஒரே உறையில் போட்டு உன் பள்ளிக்கு அனுப்ப எனக்கு ஒரு ஸ்டாம்ப் போதும். அனுப்பவில்லை. அது உனக்கு ஒரு நாள் அவமானம்தான், எனக்குப் போதாது.

பதவியை வாங்கிக்கொள். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் நான் சொல்வதை நீ செய்ய வேண்டும். இருபத்திரண்டு வருடப் பதிவேடு உன் அலமாரியில் இருக்கிறது. அதில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் உன் கையால் கடிதம் எழுது. அச்சடிக்கக் கூடாது, நகல் எடுக்கக் கூடாது. டயர் எங்கே போட வேண்டும் என்று எழுது. அதற்கு மேலே முதல் வரி இது: “என் அக்காவின் கணவர் என் பாடத்தால் இறந்தார். அது தெரிந்த பிறகும் பழியை வேறொருவர் மேல் போட்டேன்.” உறையில் முகவரி எழுதி, ஒட்டாமல் கட்டுக் கட்டாக எனக்கு அனுப்பு. நான் ஒவ்வொன்றாகப் படித்து ஒட்டி, தபாலில் போடுவேன். ஒரு பெயர் விட்டுப்போனாலும் அந்த ஸ்டாம்பை எடுப்பேன்.

பேனாவைக் கெட்டியாகப் பிடிக்காதே. கை வலிக்கும், இன்னும் நிறைய இருக்கிறது.

அக்கா


நவம்பர் 10

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்தேன். மூன்று நாளாக வகுப்புக்குப் போகவில்லை.

தெரியாமல்தான் சொன்னேன் அக்கா. எனக்கு என் வாத்தியார் சொன்னார், நான் பையன்களுக்குச் சொன்னேன். யாரும் ஒரு நாளும் சோதித்துப் பார்க்கவில்லை. அடக்கம் முடிந்து வந்த மறுநாள் பள்ளி மைதானத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு, பயிற்சி வண்டிக்குப் பின்னால் தேய்ந்த டயரைப் போட்டு நானே ஓட்டிப் பார்த்தேன். மெதுவாகத்தான் திருப்பினேன். மூன்றாவது சுற்றில் வண்டி என்னைக் கேட்காமல் பின்னால் திரும்பி நின்றது. ஸ்டீயரிங்கில் ஒன்றுமே தெரியவில்லை. காத்துக்காரர் சொன்னது அப்படியே நடந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகுதான் உங்களுக்கு அந்த ஆகஸ்ட் கடிதத்தை எழுதினேன். பயந்துவிட்டேன். உங்கள் முகத்தை இனிமேல் பார்க்க முடியாதே என்ற பயம்.

இப்போது வகுப்பில் பின்னால் என்றுதான் சொல்லித்தருகிறேன். இது போதாதா? பழைய மாணவர்களில் பாதிப் பேர் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார்கள். என்னை எங்கே பார்த்தாலும் எழுந்து நிற்பார்கள். அவர்களிடம் இந்த முதல் வரியை மட்டும் எழுதச் சொல்லாதீர்கள். அக்கா, உங்கள் காலில் விழுகிறேன். வேறு என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

தம்பி


ஜூன் 28

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

நவம்பர் கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. பதில் வராது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது. டிசம்பரில் எழுத ஆரம்பித்தேன். இத்துடன் கடைசிக் கட்டை அனுப்புகிறேன். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. பதிவேட்டில் இல்லாத பெயர் ஒன்றுக்கும் எழுத வேண்டும் என்று தோன்றியது. அது இந்தக் கடிதம். முதல் வரியை இதிலும் எழுதுகிறேன்.

என் அக்காவின் கணவர் என் பாடத்தால் இறந்தார். அது தெரிந்த பிறகும் பழியை வேறொருவர் மேல் போட்டேன்.

முதல் நூறு கடிதம் வரை உங்களைத் திட்டிக்கொண்டே எழுதினேன். முந்நூறுக்குப் பிறகு திட்டவும் தெம்பில்லை. இப்போது அந்த வரியை எழுதும்போது அத்தான் சைக்கிள்காரர்களுக்கு வழி விட்டு ஓரமாகப் போவது தெரிகிறது. வலது கை மணிக்கட்டு வீங்கிவிட்டது. டாக்டர் எழுதுவதை நிறுத்தச் சொன்னார், சொல்லிவிட்டேன் முடியாதென்று.

எழுபது பேர் போலப் பதில் போட்டிருக்கிறார்கள். ஒருவன், எழுந்து போய் அன்றைக்கே ஐந்து வண்டிகளுக்கு மாற்றிவிட்டேன் என்கிறான். ஒருவன் என் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டதாக ஒரே வரி எழுதினான். இன்னொருவன், “நான் தேர்வில் பின்னால் என்று எழுதியதற்கு நீங்கள் என்னைத் தேறவிடவில்லை. அதோடு நான் இந்தத் தொழிலையே விட்டுவிட்டேன்” என்று எழுதியிருந்தான். அவன் முகம் எனக்கு நினைவுக்கு வரவில்லை அக்கா. அதுதான் தாங்க முடியவில்லை.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. பதில் போட்டவர்களில் பலர் உங்களுக்கு ஆறுதல் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். “அம்மா தன்னை நொந்துகொள்ள வேண்டாம்” என்கிறார்கள். உங்களைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லையே?

இன்னும் ஏதாவது பாக்கி இருந்தால் சொல்லுங்கள்.

தம்பி


ஜூலை 19

தம்பிக்கு,

நான் நலம். உன் கடைசிக் கட்டு வந்தது. நேற்று மதியம் கடைசி உறையை ஒட்டித் தபாலில் போட்டேன். உன் இரண்டு எழுத்துகளும் என்னிடமே இருக்கும். திருப்பிக் கேட்காதே.

பயம் வந்த பிறகு எனக்கு ‘நீங்கள்’ போட ஆரம்பித்திருக்கிறாய். வேண்டாம். பழையபடி ‘நீ’ என்றே எழுது. எனக்கு அந்த மரியாதைக்கு உரிமை இல்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

அத்தான் என்னிடம் எதுவும் சொல்லவில்லை என்று உனக்கு எழுதினேன். பொய். உன் கடிதத்தைக் கண்ணில் காட்டவில்லையே தவிர, நீ என்ன சொன்னாய் என்பதை வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டார். அவரால் எனக்குத் தெரியாமல் எதையும் ஒரு வேளைக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஒரு வாரம் யோசித்துவிட்டு, ஒரு நாள் காலையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “எனக்கென்னமோ காத்துக்காரர் சொல்றதுதான் சரின்னு படுது. பின்னாடியே இருக்கட்டுமே” என்றார்.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “என் தம்பியைவிட பஞ்சர் ஒட்டறவருக்குத் தெரிஞ்சுடுச்சா? எங்க வீட்டு ஆளுங்க சொன்னா மட்டும் உங்களுக்கு ஏறாது” என்றேன். இன்னும் சில சொன்னேன், அதையெல்லாம் எழுத மாட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு போனார். மாற்றிவிட்டு வந்து, “இப்ப சந்தோஷமா?” என்று சிரித்தார். சந்தோஷம் என்றேன்.

உன் கடிதம் வந்த பிறகும் டயர் ஒரு வாரத்துக்கு மேல் பின்னால்தான் இருந்தது. அதை அங்கிருந்து கழற்ற வைத்தது என் வாய்.

உன் உறைகளை ஒட்டாமல் அனுப்பச் சொன்னது உன்னைச் சோதிக்க என்று நினைத்திருப்பாய். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். முதல் கட்டில் முதல் கடிதத்தைப் படித்ததும் ஒட்ட முடியவில்லை. பேனாவை எடுத்தேன். உன் கையெழுத்துக்குக் கீழே எழுதினேன்: “இந்தப் பாடத்தை நம்பி, வேண்டாம் என்றவரைப் போய் மாற்றி வரச் சொன்னது நான். இப்படிக்கு, அவர் மனைவி.” அறுநூற்றுப் பன்னிரண்டிலும் எழுதியிருக்கிறேன். உன் மாணவர்கள் யாருக்கு ஆறுதல் சொன்னார்கள் என்று இப்போது தெரிகிறதா?

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. உன்னை நான் மன்னிக்கவில்லை. தெரியாமல் சொன்னதற்கு அல்ல, தெரிந்த பிறகு எழுதிய ஆகஸ்ட் கடிதத்துக்கு. என்னையும் மன்னிக்கவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கட்டும்.

மணிக்கட்டு வீங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். இப்போது எப்படி இருக்கிறது? வலிக்கட்டும். எனக்கும் வலிக்கிறது.

அக்கா